ஜியாய்டுக்கு ஆடிட்டர் யார்?

மெரினாவில் அலை காலை நனைக்கும் இடத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவியை வையுங்கள். எந்தத் திருத்தமும் போடாமல் அது கணக்கிடும் உயரத்தை அப்படியே காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 90 மீட்டர் வாக்கில் ஒரு எண் வரும். அதாவது கடலோரத்தில் நிற்கும் மனிதன் முப்பது மாடி ஆழத்தில் நிற்கிறான் என்று கருவி சத்தியம் செய்யும். கருவி பழுது இல்லை. விற்ற கடைக்காரரைத் திட்டவும் வேண்டாம். அதற்குக் கடல் என்றால் என்னவென்றே தெரியாது, அவ்வளவுதான்.

ஜிபிஎஸ்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் எலிப்சாய்டு. பூமியைக் கொஞ்சம் அமுக்கிய பந்து மாதிரி நினைத்துக்கொண்டு வரைந்த வழவழப்பான கணித உருவம் அது. நிஜ பூமியில் தண்ணீர் அந்த உருவத்தைப் பார்த்து ஓடாது, ஈர்ப்பைப் பார்த்துத்தான் ஓடும். காற்றும் நீரோட்டமும் இல்லாமல் கடல் சும்மா கிடந்தால் எந்தப் பரப்பில் வந்து நிற்குமோ, அதையே நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் கிடைப்பதுதான் ஜியாய்டு. எங்கே பாறை கனமோ அங்கே இது மேலே எழும்பும், எங்கே நிறை குறைவோ அங்கே பள்ளமாகும். உலகத்திலேயே ஆழமான ஜியாய்டு பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, எலிப்சாய்டுக்கு 100 மீட்டருக்கும் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மெரினாவின் மைனஸ் 90 அங்கிருந்து வந்தது.

கணக்கு மிக எளிது. ஜிபிஎஸ் தரும் உயரத்திலிருந்து ஜியாய்டின் உயரத்தைக் கழித்தால் சர்வேயருக்கு வேண்டிய 'கடல்மட்ட உயரம்' கிடைக்கும். ஒரே ஒரு கழித்தல். எட்டாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடுவான். சிக்கல் என்னவென்றால், கழிக்க வேண்டிய அந்த இரண்டாவது எண்ணை யாரும் களத்தில் போய் நேராகப் பார்த்ததில்லை. அது ஒரு மாடலிலிருந்து வருகிறது. செயற்கைக்கோள் தரவு, தரையில் அளந்த ஈர்ப்புத் தரவு, மலை பள்ளங்களின் வரைபடம் எல்லாவற்றையும் போட்டு ஒரு கணினி அரைத்துக் கொடுத்த மாவு அது. மாவு சரியாக அரைபட்டதா என்று யார் பார்ப்பது? இங்கேதான் சண்டை ஆரம்பம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு நிறுவனமோ ஆய்வுக்குழுவோ ஒரு பகுதிக்கு ஜியாய்டு மாடல் தயார் செய்கிறது. அந்தப் பகுதியில் இருக்கும் பெஞ்ச் மார்க்குகளில் ஜிபிஎஸ் வைத்து அளக்கிறது. பெஞ்ச் மார்க்கின் உயரம் முன்பே லெவலிங் செய்து கண்டுபிடிக்கப்பட்டது. ஜிபிஎஸ் உயரத்திலிருந்து அதைக் கழித்தால் அந்த இடத்தில் ஜியாய்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை மாடலோடு ஒப்பிடலாம். இது வரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடுத்த படியில்தான் கைவரிசை. வித்தியாசம் வருகிறதல்லவா, அந்த வித்தியாசத்தின் மீது ஒரு சாய்தளத்தையோ வளைபரப்பையோ பொருத்தி மாடலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு அதே பெஞ்ச் மார்க்குகளில் மறுபடியும் ஒப்பிட்டு, மிச்சமிருக்கும் வித்தியாசத்தின் திட்டவிலக்கத்தைப் போட்டு, "மாடலின் துல்லியம் 2 சென்டிமீட்டர்" என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள்.

பி.காம் படிக்கும் யாரையாவது எழுப்பி இந்தக் கதையைச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்திலேயே சொல்லிவிடுவார்: "இது அனாமத்துக் கணக்குங்க."

இருப்பாய்வு தயார் செய்யும்போது பற்றும் வரவும் ஒட்டவில்லை என்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது முதலாண்டுப் பாடம். அதே பாடத்தின் அடுத்த வரி, அது தற்காலிகம் என்பது. பிழை எங்கே என்று கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூட வேண்டும். வித்தியாசத்தை அனாமத்தில் தள்ளிவிட்டு, "பாருங்கள், இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக ஒட்டுகிறது, ஆகவே கணக்கு சரி" என்று ஒரு கணக்கர் சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நில அளவையில் அதே வேலையைச் செய்தால் 'திருத்தப் பரப்பு' என்று கௌரவமான பெயர் கிடைக்கிறது.

அந்த அனாமத்தில் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும்? மாடலின் பிழை இருக்கலாம். லெவலிங் பிழை இருக்கலாம். பெஞ்ச் மார்க் நட்ட கல்லே முப்பது வருடத்தில் கீழே இறங்கியிருக்கலாம். டெக்ஸாஸின் ஹூஸ்டன் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி தரையே 3 மீட்டர் வரை இறங்கிய இடங்கள் உண்டு. கல் இறங்கிவிட்டது, பதிவேட்டில் எண் இறங்கவில்லை. இத்தனையையும் ஒரே பரப்பில் கரைத்துவிட்டு மிச்சத்துக்கு 'துல்லியம்' என்று பெயர் வைத்தால், அது மாடலின் துல்லியமா, கரைத்தவரின் சாமர்த்தியமா?

நியாயமாகப் பேச வேண்டும். இப்படிப் பொருத்திய மாடலுக்கு ஒரு பயன் உண்டு. அமெரிக்காவின் தேசிய புவிஅளவை நிறுவனமான என்ஜிஎஸ் வெளியிட்ட ஜியாய்டு 18 என்ற மாடல், 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெஞ்ச் மார்க்குகளில் எடுத்த ஜிபிஎஸ் அளவுகளுக்குப் பொருந்துமாறு வளைக்கப்பட்டது. அவர்களே அதைக் கலப்பின மாடல் என்றுதான் அழைக்கிறார்கள். அரசு அங்கீகரித்த உயர முறையில் எண் வேண்டும் என்று கேட்கும் சர்வேயருக்கு அது கைகொடுக்கும். ஒளிவுமறைவு இல்லை. ஆனால் 'அரசுப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது' என்பதும் 'உண்மையோடு ஒத்துப்போகிறது' என்பதும் இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியத்துக்கு ரசீது வாங்கிக்கொண்டு இரண்டாவதை விற்பதுதான் குற்றச்சாட்டு.

பதிவேடே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே அமெரிக்காதான் சாட்சி. 1929ல் அவர்கள் உயர முறையைத் தீர்மானித்தபோது 26 கடல்மட்டக் கணிப்பு நிலையங்களில் சராசரிக் கடல்மட்டம் பூஜ்யம் என்று அடித்துச் சொல்லிவிட்டு நடுவில் உள்ள எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப இழுத்துக் கட்டினார்கள். கடல் அப்படிச் சமமாக இருக்காது. உப்பு, வெப்பம், காற்று, நீரோட்டம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். (சிரிப்பதற்கு முன்: இந்தியாவின் 1909ம் வருடத்து லெவலிங் சரிக்கட்டலும் இதே வழிதான். ஒன்பது நிலையங்களை பூஜ்யமாகப் பிடித்து வைத்தார்கள். அதில் மதராஸும் உண்டு, நாகப்பட்டினமும் உண்டு.)

பாடம் கற்றுக்கொண்டு 1988ம் ஆண்டுப் பெயரில் புது முறை வந்தது, கணக்கு முடிந்தது 1991ல். இந்த முறை ஒரே ஒரு இடம்தான் பூஜ்யத்துக்கு ஆதாரம். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில், ரிமுஸ்கி அருகே ஃபாதர் பாயிண்ட். அங்கிருந்து ஆறு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான லெவலிங் கோடுகள் கண்டம் முழுக்கப் பரவின. அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டின. சுற்றுக்கள் மூடின. உள்தணிக்கை கச்சிதம். பிறகு 2002ல் கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடி மேலே போனது. அதற்கு ஃபாதர் பாயிண்டும் தெரியாது, பெஞ்ச் மார்க்கும் தெரியாது, யாருக்கும் வேண்டியவரும் இல்லை. அதன் ஈர்ப்புத் தரவோடு ஒப்பிட்டபோது, அமெரிக்க உயர முறை மொத்தமாக அரை மீட்டர் வாக்கில் தள்ளியிருந்ததும், தென்கிழக்கில் ஃப்ளோரிடாவிலிருந்து வடமேற்கில் வாஷிங்டன் மாநிலம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் சாய்ந்திருந்ததும் தெரியவந்தது.

ஒரு மீட்டர்! பைசா பிசகாமல் ஒட்டிய பேரேட்டில் ஒரு மீட்டர். ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பிழை இது, எந்தச் சுற்றுக்குள்ளும் நின்று பார்த்தால் தெரியாது. இந்தப் பதிவேட்டுக்கு ஒரு மாடலைப் பொருத்திவிட்டு அதே பதிவேட்டில் சோதித்தால் இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் தாராளமாக வரும். சாய்ந்த சுவரில் சாய்த்து வைத்த ஏணி மாதிரி, இரண்டும் அழகாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கனடாக்காரர்கள் உஷார். ஆதாரப் புள்ளி அவர்கள் மண்ணில் இருந்தும் அந்த முறையை ஏற்றுக்கொள்ளவில்லை. 1928ம் ஆண்டின் பழைய முறையிலேயே இருந்துவிட்டு, 2013ல் நேராக ஜியாய்டு மாடலையே நாட்டின் உயர முறைக்கு அடிப்படை ஆக்கிவிட்டார்கள். பெஞ்ச் மார்க் ராஜாவாக இருந்த இடத்தில் மாடல் ராஜா. இது நல்ல முடிவு. ஆனால் இதில் ஒரு பொறுப்பு பிறக்கிறது. மாடலே சட்டம் என்றான பிறகு, மாடலைச் சோதிக்க மாடலுக்கு வெளியே இருந்து ஒரு ஆள் வேண்டும். பேரேட்டை எழுதிய கையே தணிக்கைச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

இந்த ஊரில் இதற்கு ஒரு பழைய காயம் உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் 5,040 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பு இல்லாததை இருப்பதாகக் காட்டியது என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். ஆடிட்டர்கள் இல்லாமல் இல்லை. இருப்பை உறுதி செய்யும் கடிதங்களை வங்கியிடம் தாங்களே நேராகக் கேட்டு வாங்காமல், அந்த வேலையை நிறுவனத்தின் கையிலேயே விட்டதுதான் கோளாறு. ஜியாய்டு மாடலைச் சோதிக்க, அந்த மாடலை வளைக்கப் பயன்பட்ட பெஞ்ச் மார்க் பட்டியலையே நீட்டுவது அச்சு அசல் அதே காரியம்.

வங்கியிடம் நேராகக் கேட்பது என்றால் எப்படி? 2011ல் டெக்ஸாஸில் என்ஜிஎஸ் செய்து காட்டியது. (அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டு இப்போது பாராட்டா என்றால், ஆமாம். தப்பைக் கண்டுபிடித்து ஊரறியச் சொன்னவர்களும் அவர்களே.) ஆஸ்டினில் தொடங்கி மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் ராக்போர்ட் வரை 325 கிலோமீட்டருக்கு ஒரே கோடு. அதில் 218 புள்ளிகள், சராசரியாக ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்று. பழைய பதிவேட்டு எண்களை நம்பாமல், கோடு முழுவதையும் முதல் தர லெவலிங்காகப் புதிதாக நடந்தே அளந்தார்கள்.

நடந்தே என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். லெவலிங் என்பது கொத்தனாரின் ரசமட்டத்துக்கு அண்ணன். நடுவில் கருவி, முன்னால் ஒரு ஸ்டாஃப், பின்னால் ஒரு ஸ்டாஃப். இரண்டு பக்கமும் படித்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு கருவியைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். ஒரு பார்வைக்கு 50 மீட்டர் என்று வைத்தால் ஒரு நிறுத்தத்துக்கு 100 மீட்டர், 325 கிலோமீட்டருக்கு 3,250 நிறுத்தம். திரும்பி வரும் கணக்கையும் சேர்த்தால் 6,500. வெயில் ஏறினால் தரையோரக் காற்று நெளிந்து ஸ்டாஃபின் கோடுகள் ஆடும், அதனால் பார்வையைச் சுருக்க வேண்டும், நிறுத்தங்கள் இன்னும் கூடும். இத்தனை மெனக்கெட்ட பிறகு அந்த அணி தன் லெவலிங்குக்குத் தானே கணித்துச் சொன்ன நிச்சயமின்மை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1.3 சென்டிமீட்டர்.

218 புள்ளிகளிலும் ஜிபிஎஸ். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான உயர வித்தியாசத்தில் நிச்சயமின்மை 0.4 சென்டிமீட்டர், அவை 400 மீட்டர் தள்ளி இருந்தாலும் சரி, 325 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரி. பெரிய பாய்ச்சல் இந்த இடத்தில்தான். லெவலிங் பிழை தூரத்தோடு வளரும், கிலோமீட்டரின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. ஜிபிஎஸ் பிழை அப்படி வளராது. இரண்டு பேரும் வெவ்வேறு விதமாகத் தப்புச் செய்பவர்கள். அதனால்தான் ஒருவரைக் கொண்டு இன்னொருவரைப் பிடிக்க முடிகிறது. ஒரே விதமாகப் பொய் சொல்லும் இரண்டு சாட்சிகளால் யாருக்கு லாபம்?

அதோடும் விடவில்லை. மூன்றாவதாக ஒரு சாட்சியை வானத்திலிருந்து இறக்கினார்கள். இரவில் நேர் மேலே பார்க்கும் ஒரு டிஜிட்டல் கேமரா, நட்சத்திரங்களைப் படம் பிடித்து, தூக்குக்குண்டு நூல் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கும். அந்த நூலுக்கும் எலிப்சாய்டின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையே உள்ள சின்னக் கோணம்தான் அந்த இடத்தில் ஜியாய்டின் சரிவு. 216 இடங்களில் இந்தக் கோணத்தை எடுத்தார்கள், துல்லியம் 0.1 விகலை. ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு. 0.1 விகலைச் சரிவு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் ஏற்றம். இதில் முக்கியம் என்னவென்றால், இந்தக் கேமராவுக்கு லெவலிங் பேரேடும் வேண்டாம், ஜிபிஎஸ் உயரமும் வேண்டாம். நட்சத்திரத்துக்கு யார் சிபாரிசும் செல்லாது.

இந்தச் சாட்சியின் பரம்பரையைத் தேடிப் போனால் இந்தியாவுக்குத்தான் வர வேண்டும். லாம்டன் 1802ல் சென்னை பரங்கிமலை அடிவாரத்தில் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்து தொடங்கிய வேலை, எவரெஸ்ட் காலத்தில் வடக்கே இமயமலை வரை போனது. அங்கே கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையிலான அட்சரேகை வித்தியாசத்தைத் தரையில் முக்கோணம் போட்டுக் கணக்கிட்டால் ஒன்று, நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் இன்னொன்று. வித்தியாசம் 5.236 விகலை, தரையில் சுமார் 160 மீட்டர். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த பிராட், இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று கணக்குப் போட்டார். வந்த விடை 15.885 விகலை! மலை இருக்கும் அளவுக்கு இழுக்கவில்லையே, ஏன்? அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் 1855ல் ஏரி மலைகளுக்கு அடியில் நிறை குறைவாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த 5.236ஐ யாராவது ஒரு திருத்தப் பரப்பில் கரைத்து "துல்லியம் அருமை" என்று எழுதியிருந்தால்? இரண்டு அளவுகள் ஒட்டாமல் போனதை வெளியே வைத்ததால்தான் மலைக்கு வேர் இருப்பது தெரிந்தது.

டெக்ஸாஸ் முடிவுக்கு வருவோம். 218 புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 23,653 ஜோடிகள். ஜோடி ஜோடியாக மாடலோடு ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே இருந்த தரைத் தரவும் செயற்கைக்கோள் தரவும் மட்டும் போட்டுச் செய்த மாடல்கள் 1 முதல் 3 சென்டிமீட்டர் வரை பிசகின. விமானத்தில் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து எடுத்த புதிய ஈர்ப்புத் தரவைச் சேர்த்ததும் ஏறக்குறைய எல்லாத் தூரங்களிலும் 1 சென்டிமீட்டருக்கு வந்தது. இதையும் அவர்கள் அடக்கமாகவே சொன்னார்கள்: இது தாழ்வான, தட்டையான நிலத்துக்கு மட்டும் பொருந்தும் முடிவு. மலைக்கு உத்தரவாதம் இல்லை.

அந்த மலைக்குத்தான் 2017ல் போனார்கள். கொலராடோவில் 223 புள்ளிகளில் புதிய கோடு. உலகம் முழுவதிலுமிருந்து 14 நாடுகளைச் சேர்ந்த 14 குழுக்கள், எல்லோருக்கும் ஒரே ஈர்ப்புத் தரவு, அவரவர் முறையில் மாடல் செய்யலாம். களத்தில் எடுத்த ஜிபிஎஸ், லெவலிங் அளவுகள் மாடலுக்குள் போகவில்லை, விடைத்தாள் திருத்த மட்டும் பயன்பட்டன. முடிவு? 1.2 முதல் 3.4 சென்டிமீட்டர் வரை. ஒரு சென்டிமீட்டர் இலக்கை எட்டவில்லை என்று அவர்களே எழுதினார்கள். இன்னொன்றும் எழுதினார்கள்: சோதிக்கப் பயன்பட்ட கள அளவுகளின் பிழையும் கிட்டத்தட்ட அதே அளவில் இருப்பதால், இதை வைத்து எந்தக் குழுவின் முறை உசத்தி என்று சொல்ல முடியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு விற்பனைச் சிற்றேட்டில் யாராவது காட்ட முடியுமா? உலகத்தின் தலைசிறந்த 14 குழுக்கள், ஏராளமான தரவோடு, மலைப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் என்று தயங்கித் தயங்கிச் சொல்கின்றன. டெண்டர் ஆவணங்களில் 'ஜியாய்டு துல்லியம்' என்ற பத்திக்கு எதிரே, எங்கே சோதித்தது, எத்தனை புள்ளி, அந்தப் புள்ளிகள் மாடலுக்குள் போனவையா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லாமல் ஒற்றை எண் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்வாதங்கள் தெரிந்தவைதான். "செயற்கைக்கோள் இருக்கிறதே, தரையில் எதற்கு அலைச்சல்?" கிரேஸும், 2009ல் போய் 2013ல் முடிந்த கோசேயும் பெரிய அலைகளைப் பார்க்கும் கண்கள். நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட சின்ன நெளிவுகள் அந்த உயரத்திலிருந்து மங்கிவிடும். தாலுகாவுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை அந்தச் சின்ன நெளிவுகள்தான்.

"ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கா இத்தனை சண்டை?" ஒன்றிரண்டு என்று நிச்சயமாகத் தெரிந்தால் சண்டை இல்லை. பத்தா இரண்டா என்று தெரியாததுதான் பிரச்சினை. டெல்டாவில் ஒரு வாய்க்கால் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் பத்து கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த இறக்கமே ஒரு மீட்டர். பத்து சென்டிமீட்டர் பிழை என்றால் அந்த இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். கடைமடை விவசாயிக்கு அது திட்டவிலக்கம் இல்லை, தண்ணீர்.

"மென்பொருளே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்" என்பது இன்னொன்று. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் நதி மீது லாஃபன்பர்க்கில் பாலம் கட்டினார்கள். ஜெர்மனிக்குக் கடல்மட்டம் வட கடலைப் பார்த்து, சுவிஸ்காரர்களுக்கு மத்தியதரைக் கடலைப் பார்த்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது எல்லோருக்கும் தெரியும், திருத்தமும் போட்டார்கள். பிளஸ்ஸுக்குப் பதில் மைனஸ். 2003ல் பார்த்தால் இரண்டு கரைக்கும் 54 சென்டிமீட்டர் வித்தியாசம். திருத்தம் தெரியாததால் வந்த வினை இல்லை இது. போட்ட திருத்தத்தை இன்னொரு கை சரிபார்க்காததால் வந்தது.

கடைசியாகச் செலவு. இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டர் லெவலிங் என்பது மாதக்கணக்கில் ஆள், ஜீப், படி. அதன் முடிவில் புதிதாக ஒரு வரைபடம்கூடக் கிடைக்காது, ஏற்கெனவே இருந்த மாடல் சரியா தப்பா என்ற பதில் மட்டும்தான் கிடைக்கும். தணிக்கைக் கட்டணமும் அப்படித்தானே? ஆடிட்டர் ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துத் தருவதில்லை. அவருக்குப் பணம் கொடுக்காத கம்பெனியின் பங்கை யார் வாங்குவார்கள்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் டெக்ஸாஸ் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்களும் 2022 தேசியப் புவிவெளிக் கொள்கையும் தரவுக் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. ஒரே ஒரு கோடு போதும் ஆரம்பத்துக்கு. சென்னையிலிருந்து மங்களூர் வரை. லாம்டன் ஏற்கெனவே முக்கோணம் போட்டுக் கடந்த அகலம்தான், 400 மைல் என்று பழைய வரைபடங்கள் சொன்னதை 360 மைல் என்று சுருக்கிக் காட்டிய அதே அகலம். கிழக்கே தட்டைக் கடற்கரை, நடுவே பீடபூமி, மேற்கே மலைத்தொடர், பிறகு மறுபடியும் கடல். எந்த மாடலுக்கும் இதைவிடக் கடினமான கேள்வித்தாள் அமைக்க முடியாது. புதிய லெவலிங், புதிய ஜிபிஎஸ், இரவில் நட்சத்திரக் கேமரா. அளந்த எண்கள் மாடல் செய்பவர் கைக்கு முன்கூட்டியே போகக்கூடாது. மாடலை முதலில் கொடுத்து முத்திரை வைத்துவிட வேண்டும், பிறகுதான் விடைத்தாள் பிரிக்க வேண்டும். ஒற்றைத் திட்டவிலக்கம் வேண்டாம், புள்ளிவாரியாக ஒவ்வொரு வித்தியாசமும் சாய்தளம் எதையும் கழிக்காமல் பொதுவில் வரட்டும். கழித்தே ஆக வேண்டும் என்றால், கழிப்பதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று இரண்டு பத்தி.

அது வரைக்கும் அட்டையில் '2 செ.மீ.' என்று பார்த்தால், சர்வேயர்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தப் புள்ளிகளில் சோதித்தீர்கள், அந்தப் பட்டியலைக் கொடுங்கள். கொடுக்க மறுத்தால் அனாமத்துக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்று அர்த்தம்.